கோயில் வீதிக் காபியா, பாம்பன் துறைக் காபியா?

ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றிய வீதிகளில் காபி குடிப்பவர்கள் பெரும்பாலும் யாத்ரீகர்கள். 22 தீர்த்தங்களிலும் நீராடி ஈரத்துணியோடு வருபவருக்குச் சூடாக எது கொடுத்தாலும் அமுதம்தான். கடைக்காரர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் கூட்டம் ஏறியதும் இரண்டாம் டிகாஷன் துணிந்து வெளியே வருகிறது. பித்தளை டபரா இருக்கும், நுரை இருக்கும், மணம் இருக்காது. இரவு ரயிலில் ஊர் திரும்புபவரின் முகத்தை யார் நினைவில் வைக்கப்போகிறார்கள்?

பாம்பன் மீன்பிடித் துறையை ஒட்டிய கடைகளில் டபராவைத் தேடாதீர்கள். கண்ணாடி கிளாஸ், உடனடிக் காபித்தூள், ஆடும் பெஞ்சு. ஆனால் மறுமுறை போனால், “சீனி குறைவுதானே அண்ணே?” என்று அவர்களே கேட்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாள் தடைக்காலத்தில், கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு கிளாஸை நீட்டுவதும் இத்தகைய கடைகள்தாம். கோயில் வீதியில் கடன் கேட்டுப் பாருங்கள்!

தண்ணீர் இரண்டு இடத்திலும் சிக்கல். உப்பேறிய நீரில் எந்தத் தூளும் தோற்கும்.

விடியற்காலை முதல் டிகாஷன் கிடைத்தால் கோயில் வீதிக்கே என் ஓட்டு. மற்ற நேரங்களில் பாம்பன்தான், சில்லறையோடு போங்கள்.