அப்பெட்டைட்டா, கிரேவிங்கா?

மட்டக்களப்பில் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகள் பலர் இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களையும் (appetite, craving) ஒன்றாக எண்ணித்தான் எழுதுகிறார்கள்.

அப்பெட்டைட் பொதுவானது. சாப்பிட வேண்டும் என்ற விருப்பம், அவ்வளவுதான். சோறோ பிட்டோ எதுவானாலும் சரி. காய்ச்சலில் சாப்பாடு இறங்காவிட்டால் டொக்டர் 'லொஸ் ஒஃப் அப்பெட்டைட்' என்பார். வங்கிக்காரர்களின் 'ரிஸ்க் அப்பெட்டைட்', எவ்வளவு நட்டம் வரை துணியலாம் என்ற கணக்கு.

கிரேவிங் அப்படியில்லை. வயிறு நிறைய மீன்கறியும் சோறும் சாப்பிட்ட பிறகும், சட்டித் தயிரும் பாணியும்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடிக்கிறதே, அதுதான் கிரேவிங். அங்கே பசியே இல்லை. பழைய ஆங்கிலத்தில் கிரேவிங்கின் வேருக்கு 'உரிமையோடு கேட்பது' என்று பொருள். அந்த அதிகாரம் இன்னும் போகவில்லை. மசக்கையில் மாங்காய் கேட்பதும், சிகரெட்டை விட்டவர் தவிப்பதும் இதுதான். அப்பெட்டைட் அந்த இடங்களில் ஒட்டாது. (டெம்ப்டேஷன், அதாவது சபலம், வேறு: கடைக் கண்ணாடிக்குள் இருந்து கூப்பிடுகிற தொதல் இனிப்பு அது.)

மெல்லிய விருப்பத்துக்கெல்லாம் கிரேவிங் எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. பிளேன்ரீ குடிக்க மனம் வந்தால் 'ஃபீல் லைக்' தாராளமாகப் போதும்.