மதுரை மெஸ் சாப்பாடு: பெயருக்கும் இலைக்கும் உள்ள உறவு

மதுரை அசைவ மெஸ்களில் இலை போட்டதும் சோற்றுக்கு முன்னால் ஒரு பெரிய தட்டு வந்து நிற்கும். சுக்கா, ஈரல், குடல், கோலா உருண்டை, நண்டு, காடை என்று வகைக்கு ஒரு கிண்ணம். கையைக் காட்டியது இலைக்கு வரும். மெஸ் சாப்பாட்டில் நாங்கள் முதல் மதிப்பெண் கொடுப்பது இந்தத் தட்டுக்குத்தான். 'மெஸ்' என்ற சொல்லின் ஆகப் பழைய பொருளும் இதுவே.

லத்தீனில் 'மித்தெரே' என்றால் அனுப்புதல். மேசைக்கு அனுப்பி வைத்த பண்டம் அதிலிருந்து 'மிஸ்ஸும்' ஆகி, பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. மெசேஜ், மிஷன், மிசைல் எல்லாம் அதே வேர். கீழவெளி வீதிப் பேராலயத்தில் நடக்கும் திருப்பலிக்கு ஆங்கிலத்தில் 'மாஸ்' என்று பெயர். பூசை முடிவில் மக்களை அனுப்பிவைக்கும் லத்தீன் வாசகத்திலுள்ள 'மிஸ்ஸா'தான் அது.

தட்டில் காட்டும் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. சாப்பாட்டுக் கணக்கில் வருவது சோறு, குழம்புகள், ரசம், மோர், ஒரு பொரியல், அவ்வளவுதான். முதல் தடவை வருகிறவர்கள் பில் எகிறிவிட்டது என்று வருத்தப்படுவது இது தெரியாமல்தான். விலையைக் கேட்டுவிட்டே எடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். தட்டு பல மேசை சுற்றி வருவதால் கிண்ணத்திலிருப்பது ஆறியிருக்கும். ஈரல் ஆறினால் இறுகிப் போகும். அதை மட்டுமாவது அடுப்படியிலிருந்து சூடாகக் கேட்டு வாங்க வேண்டும்.

15ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் உணவை விட்டு, சேர்ந்து உண்ணும் ஆட்களைக் குறிக்கத் தொடங்கியது. பாரிஸ்டர் படிப்புக்கான லண்டன் சட்ட விடுதிகளில் நாலு பேர் சேர்ந்தது ஒரு மெஸ். காந்தி அங்கே படித்தபோது நாலு பேருக்கு இரண்டு பாட்டில் ஒயின். அவர் குடிக்க மாட்டார் என்பதால் தங்களோடு சேர்த்துக்கொள்ளப் போட்டி இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். பட்டாளத்து மெஸ்ஸும் கல்லூரி விடுதி மெஸ்ஸும் இந்தப் பொருளில் வந்தவை. மாதச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கும் 'டிவைடிங் சிஸ்டம்' அந்தப் பழைய நாலு பேர் கணக்கை நினைவூட்டும்.

அயிரை மீன் குழம்புக்கு வருவோம். விரல் நீளம்கூட இல்லாத இந்த ஆற்று மீனுக்குள் மண் இருக்கும். உயிரோடு வாங்கி, தேங்காய்ப்பாலில் விட்டால் மண்ணைக் கக்கும். பிறகு கல்லுப்பு போட்டு மண்சட்டியில் உரசி, தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். புளிக்குழம்பு நன்றாகக் கொதித்து வற்றிய பிறகே மீனைப் போட வேண்டும். சில நிமிடம் போதும். கரண்டி போட்டுக் கிண்டினால் மீன் கரைந்துவிடும், சட்டியைத் தூக்கிச் சுற்றுவார்கள். பல்லில் மணல் நறநறத்தால் அலசலில் அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் கடையில் அயிரையை மறுபடி கேட்க வேண்டாம்.

மூன்றாவது பொருள் குழப்பம், அலங்கோலம். பைபிளில் ஏசா தன் மூத்த மகன் உரிமையைத் தம்பிக்கு விற்று வாங்கிய பயற்றங்கூழை ஆங்கிலத்தில் 'மெஸ் ஆஃப் பாட்டேஜ்' என்பார்கள். கூழ், பிறகு கால்நடைக்கான கலவைத் தீவனம், அதிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் தாறுமாறு என்று இறங்கி வந்தது. இலையில் அந்த நிலை வராமலிருக்க, சோற்றைச் சிறு சிறு பங்காக வாங்குங்கள். கறிக்குழம்பு, கோழி, மீன் என்று ஒவ்வொன்றையும் தனிப் பங்கில் ஊற்றுங்கள். மீன் குழம்பின் புளிப்பு கறிக்குழம்பின் மசாலாவை அமுக்கிவிடும். ஆகவே மீன் கடைசியில்.

ராத்திரி என்றால் கறிதோசை. இதில் சிம்மக்கல் கோனார் கடை பெயர் பெற்றது. மாவைத் தடிமனாக ஊற்றி, மேலே முட்டையை அடித்துப் பரப்பி, அது இறுகுவதற்குள் கறியைத் தூவி, எண்ணெய் விட்டுத் திருப்புவார்கள். முட்டை வெந்த பின் கறி போட்டால் ஒட்டாது, திருப்பும்போது உதிரும். கறியில் நீர் விட்டிருந்தால் நடு மாவு வேகாமல் கொழகொழக்கும். பிய்த்துப் பார்த்தால் மூன்று அடுக்கும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், ஆனால் பிரியக் கூடாது. ஒருத்தருக்கு ஒன்று போதும். மூன்று பேர் போனால் இரண்டு கறிதோசையும் ஆளுக்கு ஓர் ஊத்தப்பமும் சொல்லிப் பங்கு வைத்துக்கொள்ளுங்கள். கல்லிலிருந்து எடுத்த சூட்டில் சாப்பிட வேண்டிய பண்டம். பார்சல் வேண்டவே வேண்டாம்.