சின்ன ஆபீஸுக்கு மைக்ரோடிக் ஹெக்ஸ்: எட்டு மாசம் ஓட்டிப் பாத்த அனுபவம்

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனிக்கு நெட்வொர்க் வேலை நாந்தான் பாக்கறேன். ஆபீஸ் ஒரு இடம், கட்டிங் யூனிட் ஒரு இடம், குடோன் ஒரு இடம். மூணுலயும் மைக்ரோடிக் ஹெக்ஸ் (ஆர்பி750ஜிஆர்3)ங்கற ரௌட்டர் போட்டு எட்டு மாசம் ஆச்சு. உள்ளங்கைல அடங்கற பொட்டி, அஞ்சு கிகாபிட் போர்ட், 256 எம்பி ரேம். பாக்க பொம்மை மாதிரி இருக்கும், ஆனா உள்ள ஓடற ரௌட்டர்ஓஎஸ் சாஃப்ட்வேர் பெரிய ரௌட்டர்ல ஓடறதேதான், ஓஎஸ்பிஎஃப், பிஜிபி (ரௌட்டருங்க தங்களுக்குள்ள பேசி வழி கத்துக்கற முறைங்க) எல்லாம் இதுலயும் இருக்கு.

முதல்ல ஆபீஸ்ல ரெண்டு நெட் லைன். ஃபைபர் மெயின், லோக்கல் கேபிள்காரர் லைன் பேக்கப்புக்கு. ரெண்டு டிஃபால்ட் ரூட் (வெளி நெட்டுக்கு போற வழி) போட்டு ஒண்ணுக்கு டிஸ்டன்ஸ் 1, இன்னொண்ணுக்கு 2 (சின்ன நம்பருக்குத்தான் முதலிடம்), செக் கேட்வே பிங்னு (அடுத்த பொட்டி உயிரோட இருக்கான்னு தட்டிப் பாக்கறது) வச்சாச்சு, முடிஞ்சுதுன்னு நெனச்சேன். முடியல. ரெண்டாவது லைனை சொருகின போர்ட் இன்னும் பிரிட்ஜுக்குள்ளயே (உள் நெட்வொர்க் போர்ட்டுங்களோட கூட்டம்) கெடந்துச்சு. அதை வெளிய எடுத்து வேன் (WAN, வெளி நெட்) லிஸ்ட்ல சேத்தாத்தான் நேட் ஆகும் (உள்ள இருக்கற ஐபிங்க வெளிய ரௌட்டரோட ஐபியா மாறும்), ஏன்னா அதைச் செய்யற டிஃபால்ட் மாஸ்கரேட் ரூல் அந்த லிஸ்டைத்தான் பாக்குது. இதுக்கே அரை நாள் போச்சு.

அப்புறம் ஒரு நாள் மெயின் லைன் செத்துப்போச்சு ஆனா பேக்கப்புக்கு மாறவே இல்ல. என்னன்னு பாத்தா பக்கத்துல இருக்கற மோடம் உயிரோடதான் இருக்கு, பிங்குக்கு பதில் சொல்லுது, அதுக்கு அந்தப்பக்கந்தான் நெட் இல்ல, ரௌட்டர் பாவம் எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு நம்பிட்டு உக்காந்திருக்கு. இதுக்கு வழி ரிகர்சிவ் ரூட், அதாவது ஒரு ரூட்டோட கேட்வேயை இன்னொரு ரூட் வழியா தேடறது. 8.8.8.8க்கு (கூகுளோட டிஎன்எஸ் சர்வர், சைட் பேரை ஐபியா மாத்தித் தர்றது) மட்டும் அந்த மோடம் வழியா ஸ்கோப் 10 வச்சு ஒரு ரூட், அப்புறம் டிஃபால்ட் ரூட்டோட கேட்வேயாவே 8.8.8.8ஐ குடுத்து டார்கெட் ஸ்கோப் 11 (ஸ்கோப் இந்த நம்பரைத் தாண்டாத ரூட் வழியாத்தான் கேட்வேயைத் தேடும்). இப்ப வெளிய இருக்கற ஆளுக்கு பிங் போகுது, பத்து செகண்டுக்கு ஒருக்கா, ரெண்டு தடவ பதில் வரலன்னா அடுத்த லைனுக்கு தாவிடும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, அந்த 8.8.8.8ஐயே டிஎன்எஸ்ஸாவும் வச்சுடாதீங்க, லைன் போனா அதுவும் சேந்து போயிரும்.

அடுத்து மூணு இடத்தையும் வயர்கார்ட் டனல்ல (நெட் வழியா போற பூட்டு போட்ட விபிஎன் குழாய்) இணைச்சோம் (ரெண்டு இடத்துல ஸ்டாட்டிக் ஐபி இருந்ததால முக்கோணமா போட முடிஞ்சுது). ஆரம்பத்துல எல்லாமே ஸ்டாட்டிக் ரூட்தான் (நாமளே கையால எழுதற வழி). மூணு ரௌட்டர், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு, மொத்தம் ஆறு ரூட், பெரிய விஷயமே இல்ல. போற ரூட்டை போட்டுட்டு திரும்பி வர்ற ரூட்டை மறந்துட்டு பிங் வரலன்னு முழிச்சது தனிக்கதை. ஆனா குடோன்ல சிசிடிவிக்குன்னு தனி சப்நெட் (தனி ஐபி வரிசை) வந்தப்ப மறுபடி எல்லா ரௌட்டர்லயும் போய் கை வைக்க வேண்டியதாச்சு. அதை விட முக்கியமா, வயர்கார்ட் இன்டர்ஃபேஸ் எதிர்ப்பக்கம் செத்தாலும் ரன்னிங்னேதான் காட்டும், அதை நம்பி ஸ்டாட்டிக் ரூட்டும் ஆக்டிவாவே நிக்கும், பாக்கெட் எல்லாம் கெணத்துல போட்ட கல்லு.

அதான் ஓஎஸ்பிஎஃப்க்கு மாறினேன். ரௌட்டர்ஓஎஸ் வெர்ஷன் 7ல இன்ஸ்டன்ஸ், ஏரியா, இன்டர்ஃபேஸ் டெம்ப்ளேட்னு மூணே படி, டனல்ல டைப் பிடிபின்னு (ரெண்டே பேர் இருக்கற இணைப்பு) குடுத்தா போதும். ஆனா நெய்பர் லிஸ்ட்ல (பேச்சு தொடங்கின எதிர் ரௌட்டருங்க) ஒரு ஈ காக்கா இல்ல. காரணம் ஃபயர்வால், லேன் (LAN, உள் நெட்) லிஸ்ட்ல இல்லாத இன்டர்ஃபேஸ்ல இருந்து ரௌட்டருக்கு வர்றதை எல்லாம் டிஃபால்ட் ரூல் தூக்கி எறிஞ்சுடும். டனலை லேன் லிஸ்ட்ல சேத்ததும் நெய்பர் வந்துச்சு, வந்து எக்ஸ்ஸ்டார்ட்லயே (தகவல் மாத்திக்கறதுக்கு முந்தின படி) நின்னுருச்சு. ஒரு பக்கம் எம்டியூ (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச சைஸ்) 1420, இன்னொரு பக்கம் நானே முன்னாடி எதுக்கோ 1400ன்னு மாத்தி வச்சிருக்கேன்! சரி பண்ணினதும் ஃபுல், அதாவது முழுசா சேந்தாச்சு.

டெஸ்ட்டுக்கு ஆபீஸ்-குடோன் டனலை வேணும்னே அறுத்துப் பாத்தேன். டெட் டைம் (இவ்வளவு நேரம் பேச்சே வரலன்னா எதிர் ரௌட்டர் செத்ததா எடுத்துக்கும்) 40 செகண்ட், அதுக்குள்ள கட்டிங் யூனிட் வழியா சுத்திக்கிட்டு பிங் திரும்ப வந்துருச்சு. டேலி ஓட்டறவங்களுக்கு தெரியக்கூட இல்ல. ரிப் (ரூட் கத்துக்கற இன்னொரு முறை) கூட இருக்கு, 30 செகண்டுக்கு ஒருக்கா முழு டேபிளையும் ஒப்பிச்சிட்டே இருக்கும், நான் அந்தப்பக்கம் போகல.

குறைன்னா, மெனுவைப் பாத்தா புதுசா வர்றவங்களுக்கு தலை சுத்தும். ஒரே ஒரு நெட் லைன், ஒரே ஆபீஸ்னா இது வேண்டவே வேண்டாம், லைன்காரர் குடுக்கற பொட்டியே போதும். வாங்கறவங்க வின்பாக்ஸ்ல (மைக்ரோடிக்கை செட் பண்ற சாஃப்ட்வேர்) சேஃப் மோடை அமுக்கிட்டு ரூட்ல கை வைங்க, கனெக்‌ஷன் அறுந்தா பழைய செட்டிங்குக்கு தானா திரும்பிடும். அது இல்லாம ஒரு தடவ நைட்டு பத்து மணிக்கு குடோனுக்கு வண்டிய எடுத்துட்டு போயிருக்கேன்.

அப்புறம் இதுல வைஃபை கிடையாது. பொட்டியைப் பிரிச்சதும் எங்க முதலாளி திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "ஏந்தம்பி, ஆன்டெனா தனியா வாங்கோணுங்களா?"ன்னார்.