கிளாட் தேர்வுக்கு 14 மாதங்கள்: மாதிரித் தேர்வுத் தொகுப்பும் நான் தாமதமாகப் படித்த சேர்க்கை விதிகளும்

பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த 2023 அக்டோபரில் இணையவழி மாதிரித் தேர்வுத் தொகுப்பு ஒன்றுக்குப் பணம் கட்டினேன். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான பொது நுழைவுத் தேர்வான கிளாட்டை 2024 டிசம்பர் 1 அன்று எழுதும்வரை அதைத் தொடர்ந்து பயன்படுத்தினேன். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர விரும்புகிறவர்களுக்கு இத்தகைய தொகுப்பு எவ்வளவு உதவும், எங்கே கைவிடும் என்பதை அந்த 14 மாத அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் தேர்வின் தன்மையைச் சொல்லிவிட வேண்டும். 2019 வரை 200 வினாக்களோடு, மனப்பாடம் செய்த பொது அறிவுக்கு நிறைய இடம் கொடுத்து வந்த இத்தேர்வு, 2020 முதல் பத்தியைப் படித்து விடையளிக்கும் தேர்வாகிவிட்டது. கிளாட் 2024 முதல் 120 நிமிடங்களில் 120 வினாக்கள். ஒரு பத்திக்கு ஐந்து வினாக்கள் என்று கொண்டால் 24 பத்திகள் வரும். ஒவ்வொன்றும் சுமார் 450 சொற்கள் என்றால், வினாக்களைச் சேர்க்காமலேயே ஏறத்தாழ 10,800 சொற்களை இரண்டு மணி நேரத்துக்குள் ஆங்கிலத்தில் படித்தாக வேண்டும். இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்ததே ஆறாவது மாதத்தில்தான். அதுவரை, எந்தச் சட்டப்பிரிவு எதைச் சொல்கிறது என்று நேரடியாகக் கேட்கும் பழைய பாணி வினாக்களிலேயே காலம் கழிந்தது. தொகுப்பின் தொடக்கத் தேர்வுகள் பலவும் அப்படித்தான் இருந்தன. பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாதிரித் தாளை வாங்கி, தேர்வை நடத்தும் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு வெளியிட்டுள்ள 2020-க்குப் பிந்தைய வினாத்தாள் ஒன்றோடு ஒப்பிட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

முதல் 25 தேர்வுகளில் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த தேர்வுக்குப் போய்க்கொண்டிருந்தேன். முன்னேற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை. பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில், ஒவ்வொரு தவறும் ஏன் நேர்ந்தது என்று ஒரு வரி எழுதத் தொடங்கினேன். சட்டப் பகுத்தறிவுப் பிரிவில் நான் செய்த பிழை அப்போதுதான் பிடிபட்டது. பிறர் நிலத்துக்குள் அனுமதியின்றி நுழைவது, நோக்கம் எதுவாயினும் அத்துமீறலே என்று பத்தி சொல்லியிருக்கும். நாய் துரத்தியதால் பக்கத்து வீட்டு வளாகத்துக்குள் ஓடியவர் பொறுப்பாவாரா என்று வினா கேட்கும். அவர்மேல் இரக்கப்பட்டு, பொறுப்பாகமாட்டார் என்று விடையளித்திருப்பேன். பத்தியில் தரப்பட்ட விதியைத்தான் பொருத்த வேண்டும். நம் நியாய உணர்வுக்கும், வெளியே படித்த சட்ட அறிவுக்கும் அங்கே வேலை இல்லை. நோட்டில் பதிவான சட்டப் பிரிவுத் தவறுகளில் பெரும்பங்கு இந்த வகைதான்.

நெகட்டிவ் மதிப்பெண்ணைக் கண்டு அஞ்சி நிறைய வினாக்களை விட்டுவிடும் பழக்கமும் எனக்கு இருந்தது. சரியான விடைக்கு 1, தவறானதற்கு 0.25 கழிவு. நான்கு தெரிவுகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால் சராசரியாக 0.06 தான் கிடைக்கும், அதனால் பயனில்லை. ஆனால் இரண்டு தெரிவுகளை உறுதியாக நீக்க முடிந்தால் அது 0.375 ஆகிவிடுகிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு, இரண்டில் ஒன்று என்ற நிலையில் எந்த வினாவையும் விட்டதில்லை.

தொகுப்பின் பெருங்குறை, அது முழுவதும் திரையிலேயே நடந்ததுதான். உண்மையான தேர்வு தாளில் நடக்கிறது; ஓ.எம்.ஆர். தாளில் பால்பாயின்ட் பேனாவால் வட்டங்களை நிரப்ப வேண்டும், நிரப்பியதை அழிக்க முடியாது. கடைசி இரண்டு மாதங்கள் வினாக்களை அச்சிட்டு எழுதிப் பார்த்தபோது, வட்டமிடுவதற்கு மட்டும் ஏறக்குறைய எட்டு நிமிடங்கள் செலவாவது தெரிந்தது. நடப்பு நிகழ்வுகளுக்கு அவர்கள் தந்த மாதத் தொகுப்பை நான் பெரிதாக நம்பவில்லை. தினமும் ஆங்கில நாளிதழ் படித்தது வாசிப்பு வேகத்துக்கும் சேர்த்தே உதவியது.

சேர்க்கை விதிகளில் நான் காட்டிய அலட்சியத்தையும் சொல்ல வேண்டும். கிளாட் எழுதுவதற்குப் பொதுப் பிரிவினர் பிளஸ் டூவில் 45 விழுக்காடும், பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் 40 விழுக்காடும் பெற்றிருந்தால் போதும். பிளஸ் டூ தேர்வு எழுதவிருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். உச்ச வயது வரம்பு இல்லை. 45 தானே என்று பள்ளிப் பாடங்களைத் தள்ளி வைத்தேன். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வே கிடையாது, டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணின் தரவரிசைப்படியே சேர்க்கை நடத்துகிறது என்பது அரையாண்டுத் தேர்வு நெருங்கிய பிறகுதான் உறைத்தது. ஒரு வழி அடைபட்டால் மறுவழிக்கு வேண்டிய மதிப்பெண்ணை நானே குறைத்துக்கொண்டிருந்தேன். டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் கிளாட்டின் கீழ் வராது, ஐலெட் என்ற தனித்தேர்வு நடத்துகிறது என்பதும், அதில் சட்டப் பகுத்தறிவு தனிப் பிரிவாக இல்லை என்பதும் எனக்குத் தாமதமாகவே தெரிந்தன. இட ஒதுக்கீடும் மாநில ஒதுக்கீடும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுபடுவதால், விருப்ப வரிசையை நிரப்பும் முன் ஒவ்வொன்றின் அறிவிப்பையும் தனித்தனியாகப் படிக்க நேர்ந்தது. சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் ஆகியவற்றை விண்ணப்பிக்கும் காலத்திலேயே வாங்கி வைத்திருந்ததால் அவற்றுக்காகக் கடைசி நேரத்தில் அலையும் வேலை மட்டும் இல்லாமல் போனது.

எங்கள் ஆண்டில் விடைக்குறிப்பை எதிர்த்த வழக்குகள் டெல்லி உயர் நீதிமன்றத்தைத் தாண்டி உச்ச நீதிமன்றம்வரை சென்றதால், 2025 மே மாதம்வரை கலந்தாய்வு இழுபட்டது. அந்த இடைவெளியில், மார்ச் மாதப் பிளஸ் டூ பொதுத் தேர்வுக்கு ஒழுங்காகப் படித்து மதிப்பெண்ணை ஓரளவு மீட்டேன். மீண்டும் வாங்குவேனா என்றால், 60 தேர்வுகள் கொண்ட தொகுப்பை வாங்கமாட்டேன். புதிய பாணியில் அமைந்த 20 தாள்கள், அச்சில் கிடைத்தால், எனக்குப் போதும்.