'டக்' என்று மட்டும் சொல்லும் பழைய ஹைலக்ஸுக்கு: ஸ்டாட்டர் கொன்டக்ட் கிட், வாங்கலாமா?

திறப்பைத் திருப்பினால் ஒரு 'டக்'. மறுபடி திருப்பினால் மறுபடி 'டக்'. ஆறாவது தடவை ஒன்றுமே நடக்காதது போல எஞ்சின் சுழன்று ஸ்டார்ட் ஆகும். பிறகு இரண்டு நாள் சத்தமில்லை. எல்என்106 போன்ற பழைய டொயோட்டா ஹைலக்ஸ் டீசல் கெப் (பிக்கப்) ஓட்டுபவர்களுக்கு இது தெரிந்த கதைதான். கராஜில் கொண்டுபோய் விட்டால் அங்கே நல்ல பிள்ளையாக ஸ்டார்ட் ஆகும். முதலில் பெட்டரியை மாற்றச் சொல்வார்கள், அடுத்த கிழமை எஞ்சினைச் சுழற்றும் மோட்டரான ஸ்டாட்டரையே மாற்றச் சொல்வார்கள்.

பல நேரம் இரண்டும் தேவையில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் சிறு பொலித்தீன் பையில் தொங்கும் கொன்டக்ட் கிட் போதும்: டென்சோ வகை ஸ்டாட்டருக்கான இரண்டு செம்புத் துண்டுகளும், செம்புத் தட்டு பொருத்திய ஒரு பிளஞ்சரும் (இழுபடும் தண்டு). உள்ளங்கையில் அடங்கிவிடும். முழு ஸ்டாட்டரின் விலையோடு பார்த்தால் சில்லறைக் காசு. ஆனால் வேறு குறைக்கு இதை வாங்கிப் போட்டால் அரை நாள் வேலை வீண். அதனால் கிட்டின் தரத்தைப் பேசுமுன், அது எந்தக் குறைக்கு மருந்து என்று பார்த்துவிடலாம்.

ஸ்டாட்டரின் சொலினொயிட்டுக்குள் (காந்தத்தால் இயங்கும் சுவிச்) பெட்டரி வயர் வரும் 30 ஆம் முனையில் ஒரு செம்பும், மோட்டருக்குப் போகும் சீ முனையில் இன்னொரு செம்பும் இருக்கின்றன. திறப்பிலிருந்து 50 ஆம் முனைக்குக் கரண்ட் வந்ததும் பிளஞ்சர் இழுபட்டு, அதன் தட்டு இரண்டு செம்புகளையும் பாலம்போல இணைக்கும். டீசல் எஞ்சினைச் சுழற்ற 200 அம்பியருக்கு மேல் அந்த வழியாகத்தான் பாய வேண்டும். ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் ஒரு பொறி, கொஞ்சம் செம்பு எரியும். வருடக் கணக்கில் தேய்ந்தபின் ஒரு செம்பு மற்றதைவிடப் பள்ளமாகிவிடும், பெரும்பாலும் பெட்டரிப் பக்கம்தான். தட்டு ஒன்றைத் தொடும், மற்றதைத் தொடாது. ஆறாவது தடவை ஏன் ஸ்டார்ட் ஆகிறது? பிளஞ்சர் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சுழன்றுவிடுகிறது. தட்டின் தேயாத விளிம்பு வந்து சேரும்போது தொடுப்பு கிடைக்கிறது.

முதல் சோதனைக்கு மீற்றர்கூட வேண்டாம். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு திறப்பைத் திருப்புங்கள். 'டக்' சத்தத்தோடு வெளிச்சம் செத்துப்போனால் பெட்டரி, அதன் டெர்மினல், அல்லது ஏர்த் வயர். கொள்ளுப்பிட்டி, முகத்துவாரம் போன்ற கரையோரத்தில் நிறுத்தும் வண்டிகளில் ஏர்த் பட்டையின் முனை பச்சை பூத்திருப்பதை முதலில் பாருங்கள். வெளிச்சம் அசையாமல் இருந்தால் பெரும்பாலும் கொன்டக்ட் அல்லது காபன் (மோட்டரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கட்டை). 'டக்' சத்தமே இல்லையென்றால் 50 ஆம் முனைக்கு வரும் வழி: இக்னிஷன் சுவிச், பியூஸ் லிங்க், ரிலே, கிளச் சுவிச் இருந்தால் அதுவும். எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றாவிட்டால் இந்தக் கிட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பம்பில் உள்ள டீசல் கட் சொலினொயிட்டையும் குளோ பிளக்கையும் பாருங்கள்.

வந்து வந்து போகும் குறையில் பெரிய தொல்லை, மீற்றரைக் கையில் எடுக்கும் நேரத்தில் அது வராததுதான். அதற்கு 12 வோல்ட் 5 வாட் பல்புகள் இரண்டு போதும். 50 ஆம் முனையிலிருந்து ஒரு மெல்லிய வயர், சீ முனையிலிருந்து இன்னொன்று. ஸ்டாட்டர் பக்கத்திலேயே இரண்டிலும் 5 அம்பியர் பியூஸ் வைத்து, சைலன்சர் பைப்பில் படாமல் கெபினுக்குள் இழுங்கள். பல்புகளின் ஏர்த்தைப் பெட்டரியின் நெகட்டிவிலேயே கொடுங்கள். வண்டியை வழக்கம்போல ஓட்டுங்கள். அடுத்த 'டக்' வரும்போது பல்புகளே சொல்லும்:

50 பளிச், சீ இருட்டு: கொன்டக்ட் போய்விட்டது. கிட் வாங்கலாம்.

இரண்டும் பளிச், மோட்டர் சுழலவில்லை: காபன் தேய்ந்திருக்கும், அல்லது ஏர்த் சரியில்லை. கிட் உதவாது. சுத்தியலால் ஸ்டாட்டரைத் தட்டினால் ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில் பல இந்த வகைதான். தட்டும்போது சிக்கிய காபன் கொஞ்சம் நகர்ந்துகொள்கிறது.

50 மங்கல்: பெட்டரியின் 12.6 வோல்ட் 'டக்' நேரத்தில் அப்படியே சரிகிறதா என்று பாருங்கள். சரிந்தால் பெட்டரி அல்லது கேபிள். சரியாமல் 50 இல் மட்டும் 8 வோல்ட்டுக்குக் குறைந்தால் இக்னிஷன் சுவிச்சின் உள்முனைகள் எரிந்திருக்கும். ஒரு 40 அம்பியர் ரிலே போட்டு, 30 அம்பியர் பியூஸ் வழியாகப் பெட்டரியிலிருந்து 4 சதுர மில்லிமீற்றர் வயரில் 50 ஆம் முனைக்குக் கொடுத்தால் சுவிச்சின் சுமையும் குறையும்.

மீற்றர் கையில் இருந்தால் சிவப்பை 30 இலும் கறுப்பை சீ முனையிலும் வையுங்கள். சும்மா இருக்கும்போது 12 வோல்ட் காட்டும். திறப்பைத் திருப்பியதும் கிட்டத்தட்டப் பூச்சியத்துக்கு விழ வேண்டும். 'டக்' கேட்டும் 12 இலேயே நின்றால் வேறு சாட்சி வேண்டாம்.

இனிக் கிட். கடைகளில் தரம் ஒன்றுபோல இல்லை, பெட்டியில் அச்சிட்ட பெயரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு சிறு காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். செம்புத் துண்டைக் காந்தம் இழுத்தால் அது செம்புப் பூச்சுப் பூசிய இரும்பு. வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம். பிளஞ்சரின் தண்டு இரும்புதான், அதைக் காந்தம் இழுப்பது சரி. தட்டை மட்டும் பாருங்கள். தட்டை விரலால் அழுத்தினால் ஸ்பிரிங்கில் அமுங்கி மீண்டும் மேலே வர வேண்டும். இறுகி நிற்கும் தட்டு இரண்டு செம்புகளிலும் ஒரே நேரத்தில் உட்காராது.

இரண்டு செம்புகளும் ஒரே வடிவம் அல்ல. டீசல் ஸ்டாட்டருக்கும் பெட்ரோல் ஸ்டாட்டருக்கும் உரிய கிட்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அளவு வேறு. மொடலைச் சொல்லிக் கேட்பதைவிடப் பழையதைக் கழற்றிக் கையில் கொண்டுபோவதே நல்லது. செம்பை மட்டும் வாங்கிப் பழைய பிளஞ்சரை விட்டுவைப்பது கெட்ட சிக்கனம். தட்டில் ஏற்கெனவே பள்ளம் விழுந்திருக்கும். பழைய தொல்லை சீக்கிரமே திரும்பும். மலிவுக் கிட்களில் அடிக்கடி காணும் குறை, போல்ட்டைச் சுற்றி வரும் இன்சுலேஷன் வளையம் இல்லாமை. பழையது உடையாமல் கழன்றால்தான் தப்பினீர்கள்.

பொருத்துமுன் பெட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். 30 ஆம் முனையில் எப்போதும் கரண்ட் உண்டு, ஸ்பானர் வண்டியின் இரும்பில் தொட்டால் வெல்டிங் மாதிரிப் பொறி பறக்கும். ஸ்டாட்டரை இறக்கி, சொலினொயிட் மூடியின் மூன்று சிறு போல்ட்களைக் கழற்றினால் பிளஞ்சரும் ஸ்பிரிங்கும் கையோடு வரும். எந்தச் செம்பு எந்தப் பக்கம் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். புதிய செம்பின் நட்டை இறுக்கும்போது செம்பும் சேர்ந்து சுழலப் பார்க்கும். உள்ளே நேராகப் பிடித்துக்கொண்டு இறுக்க வேண்டும். அளவுக்கு மீறினால் இன்சுலேஷன் வெடித்துவிடும்.

மூடியைப் போடுமுன் செம்புகளின் முகத்தில் மார்க்கர் பேனையால் கறுப்பு அடியுங்கள். பிளஞ்சரை உள்ளே வைத்து அழுத்தி, கொஞ்சம் சுழற்றி எடுங்கள். இரண்டிலும் மை தேய்ந்திருந்தால் சரி. ஒன்றில் மட்டும் தேய்ந்திருந்தால் உயரம் சமமில்லை. நட்டைத் தளர்த்திச் செம்பைத் திரும்ப உட்கார வையுங்கள். பிறகு மையைத் துடைத்துவிடுங்கள். கிரீஸ், எண்ணெய் எதையும் அந்தப் பக்கம் காட்டக்கூடாது. பழைய செம்பை அராவித் திரும்பப் போடுவதும் வைத்தியமல்ல. அராவ அராவ உயரம் இன்னும் குறைகிறது.

ஸ்டாட்டர் மேசையில் இருக்கும்போதே காபனையும் பார்த்துவிடுங்கள். அதற்காக இன்னொரு தடவை கீழே படுப்பது யாருக்கும் பிடிக்காது.

இதற்குப் பதில் ஜப்பானில் கழற்றிய பழைய ஸ்டாட்டர் ஒன்றை முழுதாக வாங்கச் சொல்பவர்கள் உண்டு. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றபின் பழைய கெப்களை இழுத்துப் பிடித்து ஓட்டியவர்கள் பலர்; அந்தச் சாமானுக்கு அப்போது நல்ல கிராக்கி இருந்தது. ஆனால் அதற்குள்ளும் இதே செம்புதான், தேய்ந்தும் இருக்கலாம். வாங்கத்தான் வேண்டுமென்றால் கடைக்காரர் முன்னாலேயே அந்த மூன்று போல்ட்களைக் கழற்றிப் பாருங்கள். கழற்ற விடாதவரிடம் வாங்காதீர்கள். மோட்டர் நன்றாக இருக்கும் ஸ்டாட்டருக்கு நல்ல செம்புக் கிட் போடுவதே எங்கள் முதல் தெரிவு. ஆர்மெச்சர் (மோட்டரின் சுழலும் பகுதி) கருகியிருந்தால் மட்டும் முழு ஸ்டாட்டர்.

வேலை முடிந்ததும் அந்த இரண்டு பல்புகளையும் ஒரு கிழமைக்குக் கழற்ற வேண்டாம். 'டக்' மறுபடி கேட்டு இரண்டும் எரிந்தால், கிட்டைத் திட்டாமல் காபனைத் தேடிப் போங்கள்.