வேட்டை ரைபிளுக்கு இலகுவான சைலன்சர்: பல பருவங்கள் பயன்படுத்திய அனுபவம்

வேட்டை ரைபிளுக்குச் சைலன்சர் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை டெசிபல் குறைக்கும்?" என்றுதான். நான் அந்தக் கேள்வியைக் கடைசியில் வைப்பேன். எடை எவ்வளவு, முதல் தடுப்புத் தட்டு (உள்ளே வெடிவாயுவைத் தடுக்கும் துளையுள்ள தட்டுகளில் முதலாவது) எந்த உலோகம், கழற்றித் துடைக்க முடியுமா? இந்த மூன்றுக்கும் சரியான பதில் கிடைத்தால் சத்தத்தின் கணக்கு தானாகவே சரியாக வந்துவிடும்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம் எங்களுடையது. ஆண்டின் பெரும்பகுதி பிரான்சில், பொங்கலை ஒட்டி முத்தியால்பேட்டை வீட்டில். வேட்டை எல்லாம் அங்கே, பாரிசுக்குத் தெற்கே சொலோன் காடுகளில். ரைபிள் டிக்கா டி3எக்ஸ், .308 வின்செஸ்டர் தோட்டா, 51 சென்டிமீட்டர் குழல். கோடையில் மக்காச்சோள வயலோரம் பரணில் உட்கார்ந்து காட்டுப்பன்றிக்குக் காத்திருப்பேன். குளிர்காலத்தில் நாய்களோடு விரட்டு வேட்டை. பிரான்சில் ஆண்டுக்கு 8 லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுப்பன்றிகள் சுடப்படுகின்றன. வயல் சேதத்துக்கு விவசாயிகளுக்கு இழப்பீடு கொடுப்பது மாவட்ட வேட்டையாளர் கூட்டமைப்புகள்தான். அதனால் பரணில் உட்காருவது வெறும் பொழுதுபோக்கு இல்லை, ஊர்க்காரர்கள் எதிர்பார்க்கிற வேலை.

சட்டத்தைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். பிரான்சில் வேட்டைக்குச் சைலன்சர் அனுமதிக்கப்பட்டது 2018 ஜனவரியில் வந்த ஆணைக்குப் பிறகுதான். வேட்டை அனுமதி அட்டையும் அந்தப் பருவத்துக்கான செல்லுபடிச் சீட்டும் இருந்தால் ஆயுதக் கடையில் வாங்கலாம். இந்தியாவில் கதை வேறு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இங்கே பொழுதுபோக்கு வேட்டை கிடையாது. வெடிச்சத்தத்தைக் குறைக்கும் கருவிகளை ஆயுத விதிகள் தனியாகக் கட்டுப்படுத்தி வைத்திருக்கின்றன. ஊருக்கு வரும்போது மாமன் மச்சானுக்குக் காட்டலாம் என்று பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஒரு உதிரிபாகம்கூட வேண்டாம்.

இப்போது காது. முத்தியால்பேட்டையிலும் முதலியார்பேட்டையிலும் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என் பெரியப்பாவும் அப்படித்தான். அவரோடு பேச வேண்டுமென்றால் வலது பக்கம் உட்கார வேண்டும், இடது காது போய்விட்டது. வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு இடது காதுதான் குழல் வாயின் பக்கம் திரும்பியிருக்கும். வலது காதுக்கு அவர் தலையே ஓரளவு மறைப்பாகிவிடும். அவர் காலத்தில் சுடும் திடலில் காதுக்குப் பஞ்சு வைத்ததே பெரிய விஷயம். "ராத்திரி ஆனா காதுக்குள்ள வண்டு கத்துதுடா" என்பார். அந்த இரைச்சலுக்கு மருந்து இல்லை. போன செவித்திறன் திரும்பி வராது.

.308 ரைபிளின் வெடி, சுடுகிறவர் காதருகே 160 டெசிபலைத் தாண்டும். நம்மூர்த் தீபாவளி வெடிக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 4 மீட்டர் தூரத்தில் 145 டெசிபல். ஐரோப்பாவில் வேலையிடத்தில் திடீர் சத்தத்துக்கு மேல்வரம்பு 140. டெசிபல் கணக்கில் 20 குறைந்தால் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்காகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் இந்த எண்களின் கனம் தெரியும். நல்ல சைலன்சர் 20 முதல் 30 வரை குறைக்கும். அதாவது ஆபத்தான இடத்திலிருந்து ஆபத்தின் எல்லைக்கு இறக்கிவிடும், அவ்வளவுதான். சினிமாவில் கேட்கும் "புஸ்" சத்தம் எந்த வேட்டை ரைபிளிலும் வராது. குண்டு நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் போகிறது, ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340. ஒலியை முந்திக்கொண்டு போகும் குண்டு வழிநெடுகக் காற்றைக் கிழிக்கிற சத்தத்தை எந்தக் கருவியும் குறைக்காது. அதனால் திடலில் சைலன்சரோடு காது மூடியும் போட்டுக்கொள்கிறேன். பரணில், இலைச் சலசலப்பைப் பெருக்கிக் கொடுத்து வெடியை மட்டும் அடைக்கிற மின்னணுக் காது மூடி போடுகிறேன்.

விளம்பரத் தாளில் ஒருவர் 28 என்பார், இன்னொருவர் 32 என்பார். ஒருவர் குழல் வாய்க்குப் பக்கவாட்டில் அளந்திருப்பார், இன்னொருவர் காதருகே. ஒருவர் நீளக் குழலில், இன்னொருவர் குட்டைக் குழலில். அளந்த விதமே வேறாக இருக்கும்போது அந்த எண்களை அருகருகே வைத்துப் பார்த்து என்ன பயன்? நான் பார்த்தவரை ஒரே அளவுள்ள நல்ல கருவிகளுக்கிடையே காதுக்குத் தெரிகிற வித்தியாசம் சிறியது. தோளுக்கும் கைக்கும் தெரிகிற வித்தியாசம்தான் பெரியது.

எடை விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். 500 கிராம் இரும்புச் சைலன்சரைக் கடை மேசையில் தூக்கிப் பார்த்தால் ஒன்றுமே தோன்றாது. அதைக் குழலின் நுனியில் மாட்டி, ரைபிளைத் தோளில் வைத்து ஒரு நிமிடம் அசையாமல் பிடித்துப் பாருங்கள். இலகு ரகத் துப்பாக்கி மொத்தமே மூன்று கிலோவை ஒட்டித்தான் இருக்கும், அதன் நுனியில் அரைக் கிலோ என்றால் முன்பக்கம் தொங்கிவிடும். எங்கள் குழுவில் அப்படி ஒன்றை வாங்கியவர் இரண்டாம் பருவத்திலேயே அதை வீட்டில் விட்டுவிட்டு வர ஆரம்பித்தார். அலமாரியில் கிடக்கும் சைலன்சர் யாருடைய காதையும் காப்பாற்றாது. என்னுடையது 320 கிராமை ஒட்டியது. நடந்து தேடும் வேட்டைக்கு 350 கிராமுக்கு மேல் எதையும் நான் சொல்ல மாட்டேன்.

நீளமும் எடையோடு சேர்ந்தே வரும். குழல் வாய்க்கு முன்னால் முழுவதுமாக நீட்டிக்கொண்டிருப்பது ஒரு வகை. பாதி பின்னோக்கி வந்து குழலைப் போர்த்திக்கொள்வது இன்னொரு வகை. போர்த்தும் வகையில் 20 சென்டிமீட்டர் கருவி துப்பாக்கியின் நீளத்தில் பாதியளவே கூட்டும், எடையும் கைக்கு அருகில் வரும். பரணின் ஏணியிலும் காரின் உள்ளேயும் அந்தப் பத்து சென்டிமீட்டர் பெரிய நிம்மதி. ஆனால் குழல் தடித்ததாக இருந்தால் உள்ளே நுழையாது. பின்பக்க வளையம் குழலோடு சரியாகப் பொருந்தாவிட்டால் கடகடக்கும். என்னிடம் இருப்பது போர்த்தும் வகை, மறுபடி வாங்கினாலும் அதையே வாங்குவேன்.

உலோகத்துக்கு வருவோம். அலுமினியத்தின் அடர்த்தி 2.7, டைட்டானியம் சுமார் 4.5, இரும்பு 7.8. எடையை மட்டும் பார்த்தால் அலுமினியம்தான். ஆனால் சூடேறினால் அதன் பலம் வேகமாகக் குறையும், 200 டிகிரியைத் தாண்டினாலே தளர ஆரம்பிக்கும். குழலை விட்டு வெளியேறும் கொதிவாயுவும் எரியாத வெடிமருந்துத் துணுக்குகளும் நேராகப் போய் முதல் தட்டில்தான் மோதுகின்றன. முழு அலுமினியக் கருவியில் அந்தத் தட்டு அரித்து, துளையின் ஓரம் மொரமொரப்பாவதைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். குழல் குட்டையாக ஆக, வாயில் அழுத்தம் கூடும், அரிப்பும் கூடும். தயாரிப்பாளர் குறைந்தபட்சக் குழல் நீளம் என்று ஒன்றைக் குறித்திருந்தால் அதை மதியுங்கள்.

நான் எடுத்தது உடல் அலுமினியம், முதல் தட்டும் மரையும் (குழலில் திருகி மாட்டும் புரி) கறையற்ற இரும்பு. பரணில் ஒரு மாலைக்கு ஒன்றிரண்டு தோட்டா சுடுகிறவனுக்கு இது போதும். பல பருவங்கள் கழித்து இப்போது கழற்றிப் பார்த்தாலும் முதல் தட்டில் கரி இருக்கிறது, அரிப்பு இல்லை. முழு டைட்டானியம் இதைவிட உறுதி, துருவும் பிடிக்காது. ஆனால் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு. புதிதில் சுடும்போது தீப்பொறி பறக்கும், அந்தி நேரத்தில் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வழியே பார்க்கிற கண்ணுக்கு அது இடைஞ்சல். முழு இரும்பு, திடலில் தொடர்ந்து சுடுகிறவர்களுக்கானது. பின்லாந்தின் ஆசெ உத்ரா இரும்புக் கருவிகளுக்குப் பேர் போனது. நார்வேயின் ஏ-டெக், ஹவுஸ்கென், சுவீடனின் ஸ்தலோன் ஆகியவற்றில் வேட்டைக்கு ஏற்ற இலகு ரகங்கள் உண்டு. இந்த வட நாட்டுக்காரர்கள் பிரான்சில் அனுமதி வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே சைலன்சரோடு வேட்டையாடுகிறவர்கள், அந்தப் பழக்கம் பொருளில் தெரிகிறது.

திடலில் குறி சரிபார்க்கும்போது என் வழக்கம்: மூன்று தோட்டா, பிறகு கையால் தொட முடிகிறவரை ஆற விடுவது. சூடான கருவிக்கு மேல் கானல் எழும்பி ஸ்கோப்பில் படம் நெளியும். துணியுறை போட்டால் கானல் மறையும், ஆனால் சூடு உள்ளேயே தங்கும். வேட்டைக்கு உறை சரி, திடலில் கழற்றிவிடுங்கள்.

சைலன்சர் எத்தனை காலம் உழைக்கும் என்பதைத் தீர்மானிப்பது தோட்டாவின் எண்ணிக்கை இல்லை, ஈரம்தான் என்பது என் முடிவு. வெடிமருந்து எரிந்தால் நீராவியும் வரும். அது குளிர்ந்த உலோகத்தில் படிந்து கரியோடு சேர்ந்து ஊறும். கடற்கரைச் சாலைப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று தெரியும். சுட்ட சைலன்சரின் உள்ளே அதே ஈரம், வெளியேற வழியில்லாமல். அதை மாட்டியபடியே ரைபிளைப் பெட்டகத்தில் வைத்தால் சைலன்சரோடு குழல் வாயும் சேர்ந்து கெடும். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் இன்னும் வேகமாக அரிக்கும். அதனால் மரைப் பகுதி இரும்பாக இருக்கும் கருவியில்கூட, வீடு வந்ததும் முதல் வேலை கழற்றுவதுதான். குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு சைலன்சரைக் கழற்றி, உறையை உருவி, சூடான அறையில் நிமிர்த்தி வைத்துவிடுவேன். குழல் வாயை எண்ணெய்த் துணியால் துடைத்து, மரையின் மேல் மூடியைத் திருகிவிடுவேன். காலையில் சைலன்சர் காய்ந்திருக்கும்.

பிரித்துத் துடைக்கக்கூடிய ரகம்தான் வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணமும் இதுவே. பருவத்துக்கு ஓரிரு முறை பிரித்து, தட்டுகளைப் பிரஷால் தேய்த்து, லேசாக எண்ணெய் பூசினால் போதும். அலுமினியத் தட்டைக் காரம் கலந்த சுத்திகரிப்பு நீரில் ஊறப் போடாதீர்கள், உலோகத்தையே தின்றுவிடும்.

சைலன்சர் மாட்டினால் துப்பாக்கி தோளில் உதைப்பது குறைவது நிச்சயம். குழல் மேலே எகிறாததால் குண்டு பட்ட கணத்தை ஸ்கோப்பிலேயே பார்க்க முடிகிறது. பன்றி எப்படிச் சாய்ந்தது, எந்தப் பக்கம் ஓடியது என்பது தெரிந்தால் அடிபட்ட விலங்கைத் தேடிப் போவது எளிது. ஒரு விலங்கு அனாவசியமாக வேதனைப்படாமல் இருக்க இது உதவுகிறது, எனக்கு அது முக்கியம். பக்கத்தில் நிற்கும் நாயின் காதுக்கும் நல்லது. விரட்டு வேட்டையில் மட்டும் எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. புதருக்குள் நீளத் துப்பாக்கியைச் சட்டென்று திருப்புவது சிரமம்.

குறி மாறுவதைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். மாறும்தான். 100 மீட்டரில் சில சென்டிமீட்டர் நகரும். மரை சரியாக இருந்தால் ஒவ்வொரு முறை மாட்டும்போதும் அதே இடத்துக்குத்தான் நகரும். மாட்டியபடியே குறி சரிசெய்து, எப்போதும் மாட்டியபடியே சுட்டால் பிரச்சினை முடிந்தது.

மரை சரியில்லாவிட்டால்தான் ஆபத்து. எங்கள் குழுவில் ஒருவர் பழைய ரைபிளுக்கு ஒரு பட்டறையில் மரை வெட்டிக்கொண்டார். துளைக்கும் மரைக்கும் மையம் ஒன்றாக இல்லை. முதல் நாளே குண்டு கடைசித் தட்டின் ஓரத்தை உரசிக்கொண்டு போனது. யாருக்கும் காயமில்லை, கருவி மட்டும் போயிற்று. மரை வெட்டியபின் மையம் பார்க்கும் கம்பியை உள்ளே விட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கிற பட்டறையில் வேலை கொடுக்காதீர்கள். மரை அளவுகளும் பல: 14 மில்லிமீட்டர், 15, 18, அப்புறம் அங்குலக் கணக்கில் அரை, எட்டில் ஐந்து என்று. துளையும் குண்டின் விட்டத்துக்கு ஏற்றதாக வேண்டும். பெரிய துளை ஆபத்தில்லை, சத்தம் கொஞ்சம் கூடும். சிறிய துளை பெரிய ஆபத்து.

அக்கா மகன் இந்த ஆண்டுதான் வேட்டைத் தேர்வில் தேறினான். "மாமா, இரண்டாம் கையா ஒண்ணு மலிவா வருது, எடுக்கலாமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். உள்ளே எத்தனை தோட்டா போயிருக்கும், எத்தனை இரவு ஈரத்தோடு பெட்டகத்தில் கிடந்திருக்கும் என்று வெளியே தெரியாது. புதிதில் நல்ல அலுமினிய-இரும்பு ரகம் 300 முதல் 500 யூரோவுக்குள் கிடைக்கிறது. ரைபிளையே கடைக்கு எடுத்துப்போய் மரையை அளந்து, மாட்டி, தோளில் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டச் சொல்லியிருக்கிறேன்.