இரண்டாவது பிரசவத்துக்கு ஊருக்கு வந்தேன்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஐந்து வார அனுபவம்

சிங்கப்பூரிலிருந்து கோயம்புத்தூருக்கு நேர் விமானம் இருப்பதால்தான் இந்தப் பயணத்துக்கே துணிந்தேன். 31வது வாரம், கூடவே மூன்றரை வயது மகள். 28 வாரம் தாண்டினால், பறக்கலாம் என்ற டாக்டர் கடிதம் வேண்டும், கவுண்டரில் அதைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே விட்டார்கள். விமான நிலையத்திலிருந்து வேலந்தாவளம் வழியாக, எல்லைக்குக் கேரளப் பக்கம் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "இதுவும் ஆபரேஷன்தானா கண்ணு?"

மகள் சிங்கப்பூரில் சிசேரியனில் பிறந்தவள். கடைசி வரை தலை திரும்பாமல் மேலேயே இருந்தாள், அதுதான் காரணம். எனக்கு வலியே வரவில்லை, நேராகத் தியேட்டருக்குப் போனேன். இந்த முறை சுகப்பிரசவத்துக்கு முயன்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. முதல் முறை பத்து நாள் மகளை என்னால் நிமிர்ந்து தூக்க முடியவில்லை, அதை நான் மறக்கவில்லை.

எங்கள் பக்கத்து ஆட்கள் பாதிப் பேர் பாலக்காட்டுக்குப் போவார்கள், பாதிப் பேர் எல்லை தாண்டிக் கோவைக்கோ பொள்ளாச்சிக்கோ போவார்கள். நான் முதலில் எல்லை தாண்டினேன். பெரிய தனியார் மருத்துவமனை, சுத்தம், டோக்கன், ஸ்கேன் எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது, அதில் குறை இல்லை. ஆனால் டாக்டர் என் ஃபைலைத் திறக்கவே இல்லை. "ஒரு தடவை சிசேரியன்னா அடுத்ததும் சிசேரியன்தான்மா, தேதி பார்த்துட்டு வாங்க" என்றார். நல்ல நாள், நல்ல நேரம் குறித்துக்கொண்டு வருவது அங்கே அவ்வளவு சகஜம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், கேரளத்தில் 38.9. இரண்டு பக்கமும் குறைவில்லை.

"ஒரு தடவை சிசேரியன்னா" என்று அந்த டாக்டர் சொன்ன வாக்கியம் 1916ஆம் ஆண்டு நியூயார்க்கில் எட்வின் கிரேகின் என்ற டாக்டர் எழுதியது. அந்தக் காலத்தில் கர்ப்பப்பையை நெடுக்காக வெட்டுவார்கள், அடுத்த பிரசவ வலியில் அந்தத் தழும்பு கிழிய வாய்ப்பு அதிகம். இப்போது பெரும்பாலும் அடிப்பகுதியில் குறுக்காகத்தான் வெட்டுகிறார்கள். வயிற்றின் மேல் தெரியும் தழும்பைப் பார்த்து உள்ளே எப்படி வெட்டினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆபரேஷன் குறிப்பில்தான் அது இருக்கும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் டிஸ்சார்ஜ் காகிதம் போதும் என்று நினைக்காதீர்கள், ஆபரேஷன் குறிப்பையும் தனியாகக் கேட்டு வாங்கி வாருங்கள். நான் அதை வாங்க இரண்டு வாரம் அலைந்தேன், அலைந்தது வீண் போகவில்லை.

அடுத்து பாலக்காடு. கூட்டம், பெஞ்சில் மூன்று மணி நேரம், ஒப்புதல் படிவம் மலையாளத்தில். நான் தமிழ் மீடியத்தில் படித்தவள், பேச்சு புரியும், எழுத்து வராது. நர்ஸ் சேச்சி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னார். "பேடிக்கண்டா மோளே" (பயப்படாதே மகளே) என்று தோளைத் தட்டியபோது அழுகையே வந்துவிட்டது.

அங்கே இருந்த லேடி டாக்டர் ஆபரேஷன் குறிப்பை முழுக்கப் படித்தார். கீழே குறுக்கு வெட்டு, ஒரே ஒரு ஆபரேஷன், மூன்று வருடத்துக்கு மேல் இடைவெளி, முதல் ஆபரேஷனுக்கான காரணம் திரும்ப வர வேண்டியதில்லை, அதனால் முயலலாம் என்றார். இப்படி முயல்கிறவர்களில் நூற்றுக்கு 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது, மற்றவர்களுக்கு வலிக்கு நடுவில் ஆபரேஷன் தேவைப்படும், அது திட்டமிட்ட ஆபரேஷனைவிடச் சிரமம். தழும்பு கிழிவது ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு. நடந்தால் குழந்தைக்கும் தாய்க்கும் நிமிடங்கள்தான் கணக்கு, அதனால் வலி தொடங்கியதும் வந்துவிட வேண்டும், குழந்தையின் இதயத்துடிப்பை விடாமல் கவனிப்பார்கள். வலி வர மருந்து கொடுத்தால் கிழியும் ஆபத்து கூடும், எனவே தானாக வலி வரக் காத்திருப்போம். எதையும் மறைக்காமல் சொன்னார், அதனால்தான் அவரை நம்பினேன்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று: ராத்திரி இரண்டு மணிக்கு மயக்க டாக்டர் உள்ளே இருப்பாரா, ஃபோன் போட்டு வரச் சொல்வீர்களா? உள்ளேயே இருப்பார், ரத்தமும் இருக்கும் என்றார். கோவையில் நான் விசாரித்த இன்னொரு சின்ன மருத்துவமனையில் முயலலாம் என்று சந்தோஷமாகத் தலையாட்டினார்கள், ஆனால் இதே கேள்விக்கு "வீடு பக்கம்தான், வந்துடுவார்" என்றார்கள். அங்கே நான் போக மாட்டேன். சிசேரியன்தான் என்று சொன்னவரைவிட இவர்களிடம்தான் எனக்குப் பயம்.

அப்புறம் ஒரு விஷயம், பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், குழந்தை பிறந்த இடத்தில்தான் பதிவு. பாலக்காட்டில் பிறந்தால் கேரளச் சான்றிதழ், கோவையில் பிறந்தால் தமிழ்நாட்டுச் சான்றிதழ். பாஸ்போர்ட் எடுக்க வேண்டியவர்கள் பெயர் எழுத்தை அப்போதே சரி பாருங்கள்.

இப்போது 36 வாரம். தலை கீழே இறங்கியிருக்கிறது, நஞ்சுக்கொடி தழும்பை விட்டு விலகி மேலே இருக்கிறது, நேற்று ஸ்கேனில் பார்த்தோம். அண்ணன் போன ஞாயிறு நள்ளிரவில் காரை எடுத்துக்கொண்டு பாலக்காடு வரை போய்ப் பார்த்தார், 38 நிமிடம். ஃபைல் வாசல் ஆணியில் தொங்குகிறது, அம்மா தினமும் அதைத் தொட்டுப் பார்க்கிறாள்.